வெயில் வந்தால் பயம்: பனிச்சரிவின் நூறு வருஷக் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ மோரோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. இன்னைக்கு திருப்பூர் அடிக்கிற வெயிலுக்கு மோர்தான் நல்லது.

போன வாரம் ஓபியில் ஒரு தம்பி வந்தார். வயசு முப்பதுக்குள்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ரெண்டு வாரமா இருமல். பஞ்சுத் தூசிக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஊரில் இருமல் புதுசில்லை. சளிப் பரிசோதனைக்கு எழுதினேன். ஆக்சிஜன் பார்க்க பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு போன சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். மாட்டுவதற்கு விரல் நுனி இல்லை.

"கட்டிங் மெஷினா தம்பி?" என்று கேட்டேன். இந்த ஊரில் எந்த டாக்டரும் முதலில் கேட்பது அதுதான். ஆனால் கேட்கும்போதே எனக்கு உறுத்தியது. மெஷின் வெட்டினால் ஒரு கையில் ஒரு விரலோ ரெண்டு விரலோ போகும், தழும்பு நேராக இருக்கும். இவருக்கு ரெண்டு கையிலும் நாலு நாலு விரல், ஏறக்குறைய ஒரே இடத்தில், தேய்ந்த பென்சில் மாதிரி கூம்பி முடிந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் ரெண்டு பக்கமும் முழுசு.

"இல்ல சார். பர்ஃப்."

பர்ஃப் என்றால் பனி. பத்து வருஷ டாக்டர் வாழ்க்கையில் ஃப்ராஸ்ட்பைட்டை நான் படித்தது பாடப்புத்தகத்தில்தான். நேரில் பார்த்தது ஒரு ஏப்ரல் மாத திருப்பூரில். குளிரில் கையை இறுக்கி மூடும்போது கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும், அதனால் அது பல நேரம் தப்பித்துக்கொள்ளும். புத்தகத்தில் இருந்தது சரிதான்.

ஆக்சிமீட்டரை கட்டைவிரலில் மாட்டினோம். 97. பிரச்சினை இல்லை.

அவர் ஜார்க்கண்ட், தும்கா பக்கம். திருப்பூர் வருவதற்கு முன்னால் ரெண்டு சீசன் உத்தராகண்டில் மலைச்சாலை வேலை. ஒரு கான்ட்ராக்டரிடம். பனியை அள்ளி ரோட்டைத் திறந்துவிடுகிற வேலை. நாலு வருஷமா இங்கே இருப்பதால் ஓரளவு தமிழ் பேசுகிறார். "அவ்வளவு குளிர்ல எப்படி இருந்தீங்க, பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"குளிர் பயம் இல்ல சார். வெயில் வந்தாதான் பயம்."

பின்னால் வரிசையில் அறுபது பேர் நிற்கிறார்கள். அதற்கு மேல் பேச முடியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு வாரமாக என்னை விடவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சங்கடம். நம் பேச்சுத் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான், பனி. மார்கழிக் காலையில் புல் மேல் நிற்பதும் பனி, ஊட்டியில் கண்ணை மறைப்பதும் பனி, இமயமலையில் ஆளைப் புதைப்பதும் பனி. (பனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதனால் பனி என்றதும் நமக்கு சில்லென்று, மெதுவாக, அழகாக ஒன்று தோன்றுகிறது. மலையில் விழுந்து கிடக்கும் பனி அப்படிப்பட்டதில்லை. அது எடை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அல்லது அதற்கும் கீழே இருக்கும். நாள்பட அமுங்கி இறுகினால் 300 கிலோ வரும். வெயிலில் நனைந்து ஈரம் ஏறினால் 400, 500 கிலோவுக்குப் போகும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கட்டிங் டேபிளில் துணியை லேயர் லேயராக விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவில் பனி அப்படித்தான் படிகிறது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு லேயர். எல்லாம் ஒரே காட்டன் என்றால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு லேயர் மட்டும் வழுக்குகிற பாலியெஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது டேபிளின் ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். அந்த வழுக்குகிற லேயருக்கு மேலே இருக்கிற மொத்தமும் ஒரே பலகை போல இறங்கும். பனிச்சரிவின் கொடூரமான வகை இதுதான். ஒரு கைப்பிடி உதிர்ந்து வருவதில்லை. மலையின் ஒரு தோல் உரிந்து வருகிறது.

டேபிளை எவ்வளவு சாய்க்க வேண்டும்? பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேரவே சேராது, அவ்வப்போது கொட்டிவிடும். அதைவிடத் தட்டையான இடத்தில் நகராது. ஆனால் தட்டையான இடத்தில் நிற்பவர் மேலே இருக்கும் சாய்வை மறந்துவிடுகிறார். ரோடு போடுகிறவர்களும் முகாமில் தூங்குகிறவர்களும் நிற்பது பெரும்பாலும் அந்தத் தட்டையில்தான்.

இப்போது வெயிலுக்கு வருவோம். டையிங்கிலிருந்து வரும் ஈரத்துணியைத் தூக்கியவர்களுக்கு அதன் கனம் தெரியும். வெயில் ஏறும்போது மேல் லேயர் உருகி, அந்தத் தண்ணீர் கீழே இறங்குகிறது. பனித்துகள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்திருந்த மெல்லிய ஐஸ் பாலங்கள் கரைகின்றன. இறங்கிய தண்ணீர் ஏதாவது ஒரு கெட்டியான படலத்தில் வந்து தேங்கி நிற்கும். மேலே கனம், நடுவே தண்ணீர், அடியில் வழுக்குத் தரை. அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் தேவையில்லை.

இதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆச்சரியம் என்னவென்றால் முக்கியமான கேள்வி பகலைப் பற்றியதில்லை, இரவைப் பற்றியது. நேற்று ராத்திரி வானம் தெளிவாக இருந்ததா? இருந்தால் பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு நன்றாக உறைந்திருக்கும். காலையில் மேலே கெட்டியான ஓடு இருக்கும், நடந்தால் கால் இறங்காது. மேகம் மூடியிருந்தால் அந்தச் சூடு போக வழியில்லை. போர்வை போர்த்தியது போலத்தான். உறையாத பனியோடு விடியும். அப்படிப்பட்ட நாளில் வெயில் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கிறது.

விடிந்த பிறகு கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு. மரக்கிளைகளில் இருந்து பனி பொத்து பொத்தென்று விழும். சரிவில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு சக்கரம் போலக் கோடு போட்டுக்கொண்டு வரும். காலையில் தாங்கிய ஓடு, பத்து மணிக்குக் கணுக்கால் வரை இறங்கும், பிறகு முழங்கால் வரை. முழங்கால் வரை போனால் அங்கே இருக்கக்கூடாது.

அந்தத் தம்பி சொன்னதும் இதுதான். அவர்கள் கேங்கில் வயதான ஒரு மேட் இருந்தாராம். மேட் என்றால் நம் ஊர் மேஸ்திரி மாதிரி. தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் பனியில் பூட்ஸ் காலால் ஒரு மிதி. கால் உள்ளே போனால் அன்றைக்கு மேலே ஏறவேண்டாம் என்பார். மேட் பேச்சை கான்ட்ராக்டர் எப்போதும் கேட்டாரா என்று கேட்டேன். சிரித்தார்.

இந்த அறிவு எப்படி வந்தது? பெரும்பாலும் பிணங்களை எண்ணித்தான். மருத்துவமும் அப்படித்தான் வளர்ந்தது, அதனால் இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

1910 மார்ச் 1. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், வெலிங்டன் என்ற சின்ன ரயில் நிலையம். கடும் பனிப்பொழிவில் ரெண்டு ரயில்கள் நாள்கணக்கில் சிக்கி நிற்கின்றன. பிறகு வானிலை மாறியது. பனி நின்று, மழையும் இடியும். பனிக்குப் பதில் மழை என்றால் நமக்கு நல்ல செய்தி போலத் தெரியும். நள்ளிரவு தாண்டி மலைச்சரிவு உரிந்து வந்து ரெண்டு ரயிலையும் பள்ளத்தாக்கில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். இன்றுவரை அமெரிக்காவின் மிக மோசமான பனிச்சரிவு அது.

ஆறு வருஷம் கழித்து, முதல் உலகப்போர். இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் ஆல்ப்ஸ் மலை உச்சிகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன. மார்மோலாடா மலையில் கிரான் போஸ் என்ற இடத்தில் ஆஸ்திரிய வீரர்களின் மரக்குடியிருப்பு. பாறைச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். இத்தாலியப் பீரங்கிக் குண்டு அங்கே விழ முடியாது. குண்டைப் பொறுத்தவரை அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

ஆனால் மேலே பனி ஏறிக்கொண்டே போனது. அந்த முகாமின் அதிகாரி கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், இடத்தை மாற்ற அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. டிசம்பரில் பல நாள் அடைபனி, அதன் பிறகு திடீரென்று வெப்பம் ஏறியது. 1916 டிசம்பர் 13, விடியற்காலை ஐந்தரை மணி. பனியும் ஐஸும் பாறையுமாக ஏறத்தாழ 2 லட்சம் டன், தூங்கிக்கொண்டிருந்த வீரர்கள் மேல் இறங்கியது. சுமார் 270 பேர் போய்விட்டார்கள். இடம் மாற்றக் கேட்ட ஷ்மிட் உயிர் பிழைத்தார்.

இதை வரலாற்றில் 'வெள்ளை வெள்ளிக்கிழமை' என்கிறார்கள். காலண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1916 டிசம்பர் 13 புதன்கிழமை. இறந்தவர்களுக்கு நாம் கிழமையைக்கூட சரியாகக் கொடுக்கவில்லை.

அந்த விடியற்காலை ஐந்தரை மணியை மனதில் வையுங்கள். 'வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டால் ஆபத்தில்லை' என்று மலையேறுபவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நல்ல விதிதான். ஆனால் ராத்திரி உறைந்திருந்தால் மட்டும். உறையாத ராத்திரிக்கு விடியற்காலையும் மதியமும் ஒன்றுதான்.

இவ்வளவு சாவுக்குப் பிறகுதான் யாரோ உட்கார்ந்து பனியைப் படிக்க ஆரம்பித்தார்கள். 1936ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில், பனியாலேயே கட்டிய ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது. அங்கே இருந்தவர்களில் ஒருவர் ஹேஃபேலி. அவர் மண்ணைப் பற்றிப் படித்த இன்ஜினியர். இன்னொருவர் பாடர், படிகங்களைப் படித்தவர். ஒருவர் பனியை மண் மாதிரி அமுக்கிப் பார்த்தார், இன்னொருவர் உப்புக்கல் மாதிரி லென்ஸில் பார்த்தார். விழுந்த பனி அப்படியே கிடப்பதில்லை, உள்ளுக்குள்ளே துகள் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் காலத்தில் எழுதப்பட்டது. 1942ல் அது முறையான ஆய்வு நிறுவனமானது. டாவோஸ் என்றால் நமக்கு இப்போது தொழிலதிபர்கள் மாநாடுதான் தெரியும். டாக்டர்களுக்கு அது பழைய காசநோய் சானடோரியம் ஊர். மூன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 1969ல் மணாலியில் பனிக்கும் பனிச்சரிவுக்குமான ஆய்வு நிறுவனம் வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழே. 1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைச் சாலைகளைத் திறந்து வைக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. பத்து வருஷத்தில், 1979 மார்ச்சில், அதே மணாலிக்கு அந்தப் பக்கம் லாஹுல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து பனிச்சரிவுகள், சுமார் 200 பேர் இறந்தார்கள். கிராமத்து ஜனங்கள். 2020ல் அந்த நிறுவனத்தை வேறொரு ஆய்வகத்தோடு இணைத்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்பு புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றினார்கள். பெயர் வாயில் நுழையாது, ஆனால் இன்றைக்கு இமயமலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பெயர் கடைசியில் மறுபடி வரும்.

சரி, என் ஏரியாவுக்கு வருகிறேன். பனிக்குள் புதைந்தவர் எதனால் சாகிறார்?

குளிரால் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1994ல் நேச்சர் இதழில் ஃபால்க், ப்ரூகர் குழுவினர் ஒரு பக்கத்தில் ஒரு சின்னக் கட்டுரை போட்டார்கள். சுவிட்சர்லாந்தில் புதைந்துபோன பனிச்சறுக்கு வீரர்களின் பதிவுகளை எடுத்து, எத்தனை நிமிஷத்தில் எத்தனை பேர் உயிரோடு எடுக்கப்பட்டார்கள் என்று ஒரு கோடு வரைந்தார்கள். 15 நிமிஷத்துக்குள் தோண்டினால் 92 சதவீதம் பேர் உயிரோடு. 35 நிமிஷம் ஆனால் 30 சதவீதம். இருபது நிமிஷத்தில் இவ்வளவு பெரிய பள்ளம்.

இருபது நிமிஷத்தில் மனித உடம்பு குளிரால் சாகாது. உடம்புச் சூடு ஒரு மணி நேரத்துக்குச் சில டிகிரிதான் குறையும். அவர்கள் செத்தது மூச்சு முட்டி. ஓடும்போது தூள் மாதிரி இருக்கிற பனி, நின்ற மறு நொடி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கையை அசைக்க முடியாது. விட்ட மூச்சில் இருக்கும் ஈரம் முகத்துக்கு முன்னாலேயே ஐஸ் படலமாக உறையும், அதே மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கவேண்டும். ஈரப்பனி என்றால் இன்னும் மோசம். அதில் காற்றே குறைவு, கனம் ஜாஸ்தி, நெஞ்சு விரியவே இடம் தராது. வெயில் நாளில் வருகிற சரிவு மெதுவாகத்தான் வரும், ஆனால் பிடித்தால் விடாது.

இதன் மறுபக்கம் இன்னொரு கேஸ். எமர்ஜென்சி மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்தது. 1999 மே 20, வடக்கு நார்வே, நார்விக் பக்கம். அன்னா போகன்ஹோல்ம் என்ற இளம் டாக்டர் நண்பர்களோடு பனிச்சறுக்கு போகிறார். மே மாதம், பனி உருகும் பருவம். தடுமாறி, உறைந்த ஓடையின் ஐஸில் விழுந்து ஓட்டை வழியாகத் தலைகீழாக உள்ளே போய்விட்டார். உருகிய பனித்தண்ணீர் மேலே கொட்டுகிறது. உள்ளே சிறிது காற்று இருந்த ஒரு இடம் கிடைத்தது. அதில் 40 நிமிஷம் போராடினார். அப்புறம் இதயம் நின்றது. மொத்தம் 80 நிமிஷம் கழித்து வெளியே எடுத்தார்கள். உடம்புச் சூடு 13.7 டிகிரி செல்சியஸ். நமக்கு சாதாரணமாக 37. 13.7ஐ எந்த வார்டில் சொன்னாலும் தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு என்பார்கள்.

ஹெலிகாப்டரில் ட்ரோம்ஸோ மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சூடாக்கித் திரும்ப ஏற்றினார்கள். இதயம் மறுபடி துடித்தது. பல மாதம் கழித்து எழுந்து, திரும்ப டாக்டராகவே வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் லான்செட்டில் இந்தக் கேஸ் வந்தது. சூடாக்கிப் பார்த்த பிறகும் எழவில்லை என்றால்தான் செத்ததாக அறிவிக்கவேண்டும் என்று எமர்ஜென்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள். அந்த வாக்கியத்துக்கு உயிர் சாட்சி இவர்தான்.

அதாவது, குளிர் மூளையைக் காப்பாற்றவும் செய்யும். ஆனால் மூச்சு நிற்பதற்கு முன்னால் உடம்பு குளிர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும். எல்லாம் கடைசியில் அந்தக் கொஞ்சம் காற்றில் வந்து நிற்கிறது.

நம் வீட்டுக் கதை ஒன்று. 2016 பிப்ரவரி 3, சியாச்சின். சோனம் என்ற ராணுவ நிலை, உயரம் 19,600 அடி. அங்கே இருந்தது 19வது மெட்ராஸ் ரெஜிமெண்ட். பெரிய ஐஸ் சுவர் ஒன்று உடைந்து விழுந்து பத்து பேரைப் புதைத்தது. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இது வெயில் நாள் சம்பவம் இல்லை. அங்கே குளிர் மைனஸ் நாற்பதைத் தாண்டியது. ஆனால் தமிழில் பனிச்சரிவு பற்றி எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் பத்து பேரில் நாலு பேர் நம் ஆட்கள். வேலூர் மாவட்டம் ஏழுமலை, தேனி மாவட்டம் குமார், மதுரை மாவட்டம் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டம் ராமமூர்த்தி. இன்னொருவர் நர்சிங் அசிஸ்டெண்ட், மகாராஷ்டிராக்காரர். அத்தனை உயரத்திலும் பக்கத்தில் ஒரு மருத்துவப் பணியாளர் இருந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஆறு நாள் கழித்து, ஏறத்தாழ 25 அடி ஐஸுக்குக் கீழே, கர்நாடகத்தின் தார்வாட் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். 35 நிமிஷக் கோட்டை நினைத்துப் பாருங்கள். ஆறு நாள். கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்ட காற்றுதான் அவரை அத்தனை நாள் வைத்திருந்தது. டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பில் நீர் இல்லை, ரத்த அழுத்தம் படுத்துவிட்டது, நிமோனியா, கிட்னியும் கல்லீரலும் பாதிப்பு. தேசமே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11 காலை, 11.45க்கு இறந்தார். அப்போது "ஆறு நாள் இருந்தவர் ஆஸ்பத்திரியில் ஏன் செத்தார்" என்று என்னிடமே பலர் கேட்டார்கள். நாள்கணக்கில் ரத்த ஓட்டம் குறைந்து கிடந்த உறுப்புகள், காப்பாற்றிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஐசியூவில் வேலை பார்த்த யாருக்கும் அது தெரிந்த கொடுமைதான்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 7 அதிகாலை, சியாச்சினுக்கு அந்தப் பக்கம் கயாரி என்ற பாகிஸ்தான் ராணுவ முகாம் மொத்தமாகப் புதைந்து, 140 பேர் இறந்தார்கள். சியாச்சினில் குண்டுக்குச் செத்தவர்களைவிட மலைக்குச் செத்தவர்கள் அதிகம். ரெண்டு பக்கமும்.

இப்போது அந்தத் தம்பியின் ஆட்களிடம் வருகிறேன். ராணுவத்தைப் பற்றிப் பேசுகிறோம், ராணுவத்துக்கு ரோடு போடுகிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. 2021 ஏப்ரல் 23, உத்தராகண்ட் நீதிப் பள்ளத்தாக்கில் சும்னா என்ற இடத்தில் சாலைத் தொழிலாளர் முகாம் மேல் பனிச்சரிவு. 384 பேரை ராணுவம் மீட்டது, பத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்க முடியவில்லை. ஜார்க்கண்டிலிருந்து போன கூலியாட்களும் அங்கே இருந்தார்கள்.

2025 பிப்ரவரி 28. பத்ரிநாத்துக்கும் மாணா கிராமத்துக்கும் நடுவே, எல்லைச் சாலை அமைப்பின் வேலைக்கு வந்த தொழிலாளர்களின் முகாம். எட்டு இரும்பு கன்டெய்னர், ஒரு ஷெட். 54 பேர். விடியற்காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே மேலிருந்து இறங்கியது. மார்மோலாடா நடந்த அதே நேரம். தூங்கிக்கொண்டிருந்த ஆட்கள்.

46 பேர் பிழைத்தார்கள், 8 பேர் இறந்தார்கள். முதல் நாளில் எல்லோரையும் எடுக்க முடியவில்லை, மறுநாளும் சிலரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். இது எப்படி நடந்தது என்று இந்த த்ரெட்டை இதுவரை படித்த உங்களுக்கே தெரியும். இரும்பு கன்டெய்னருக்குள் காற்று இருந்தது. ஹனுமந்தப்பாவுக்குக் கூடாரம், இவர்களுக்கு கன்டெய்னர்.

ஆனால் எனக்குத் தொண்டையில் சிக்கியது வேறு. அந்தச் சண்டிகர் நிறுவனம், பெயர் வாயில் நுழையாதது என்றேனே, அது முந்தைய நாள் சாயங்காலமே அறிவிப்பு கொடுத்திருந்தது. சமோலி உட்பட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் உள்ள பகுதிகளுக்கு 24 மணி நேரப் பனிச்சரிவு எச்சரிக்கை. மாணா 3,200 மீட்டர். சாயங்காலம் எச்சரிக்கை வந்தது, ராத்திரி ஆட்கள் அங்கேயே தூங்கினார்கள்.

1916ல் ஷ்மிட் கையில் சாட்டிலைட் இல்லை, வானிலை மாடல் இல்லை. அண்ணாந்து பார்த்துச் சொன்னார், மேலிடம் கேட்கவில்லை. 109 வருஷம் கழித்து சாட்டிலைட் உண்டு, ஆய்வகம் உண்டு, எழுதிக் கொடுத்த எச்சரிக்கையும் உண்டு. எங்கள் துறையிலும் இது உண்டு. லேப் ரிப்போர்ட் சாயங்காலமே வந்திருக்கும், கேஸ் ஷீட்டில் யாரும் ஒட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் எழுதுகிறேன்.

யாராவது மணாலி, குல்மார்க், சிக்கிம் டூர் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும். இப்போது நம் ஊரிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், பனியன் கம்பெனி ஸ்டாஃப் டூர்கூட குல்மார்க் போகிறது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் ரோட்டில் பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். பகல் நேரம், ஏப்ரல் மாதம். வெயில் அடிக்கிறது, போட்டோ நன்றாக வரும் என்று ரோட்டை விட்டு இறங்கிப் பனிச் சரிவுக்கு அடியில் போகாதீர்கள். அங்கே உள்ளூர் டிரைவர் வேண்டாம் என்றால் வாக்குவாதம் பண்ணாதீர்கள். நம்மைவிட அவருக்குத் தெரியும்.

நேற்று அந்தத் தம்பி மறுபடி வந்தார். சளி ரிப்போர்ட் நெகட்டிவ். காசநோய் இல்லை. மாஸ்க் போடச் சொன்னேன், போடுகிறேன் என்றார், போடமாட்டார் என்று எனக்கும் தெரியும். கூட்டம் குறைவாக இருந்ததால் கேட்டேன். "அந்த மேட், கால வச்சு மிதிச்சுப் பாப்பார்னு சொன்னீங்களே, அவர் இப்போ எங்க?"

"மேலதான் சார். இப்ப சீசன். ரோடு திறக்குற டைம்." ஏப்ரல், மே. பனி இளகுகிற மாதங்கள்தான் ரோடு திறக்கிற மாதங்களும்.

"பேசுவீங்களா?"

"டெய்லி சாயங்காலம் போன் போடுவேன் சார்" என்றார். "டவர் சில நாள் இருக்காது. எடுத்தா சரி. எடுக்கலைன்னா அடுத்த நாள் போடுவேன்."

சீட்டை வாங்கிக்கொண்டு மாத்திரை கவுண்டர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்.